அஞ்சு வால்வு ரேடியோவின் ஜாதகம்

யூசிஎச்42, யூஎஃப்41, யூபிசி41, யூஎல்41, யூஒய்41. கடந்த மூன்று மாதமாக என் மேஜையை ஆக்கிரமித்திருந்த ஐந்து கண்ணாடிக் குழாய்களின் பெயர்கள் இவை. யாரோ கோபத்தில் கீபோர்டைத் தட்டிய மாதிரி தெரியும். ஆனால் நான் பார்த்த பெயரிடும் முறைகளிலேயே ஒழுங்கானவற்றில் இதுவும் ஒன்று. தினமும் அடுத்தவன் எழுதிய கோடில் 'டெம்ப்2', 'ஃபைனல்நியூ' என்று மாறிகளைப் பார்த்து நொந்துபோகிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

1934 வாக்கில் ஐரோப்பிய வால்வு கம்பெனிகள் ஒத்துக்கொண்ட குறியீடு இது. முதல் எழுத்து, இழைக்கு எப்படிக் கரண்ட் கொடுக்க வேண்டும் என்பது. 'ஈ' என்றால் 6.3 வோல்ட், 'டி' என்றால் பேட்டரி செட்டுக்கான 1.4 வோல்ட். 'யூ' என்றால் வோல்ட் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், ஓடும் கரண்ட் 100 மில்லி ஆம்பியர். அடுத்து வரும் எழுத்துகள் வேலை. 'சி' டிரையோடு, 'எச்' ஹெக்ஸோடு, 'எஃப்' பென்டோடு, 'பி' இரட்டை டையோடு, 'எல்' ஸ்பீக்கரை ஓட்டும் பென்டோடு, 'ஒய்' ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர். கடைசியில் வரும் எண்ணின் முதல் இலக்கம், அடியில் என்ன சாக்கெட் என்பதைச் சொல்லும். 4 என்றால் ரிம்லாக், எட்டு ஊசிக்கால், பக்கவாட்டில் ஒரு சின்னக் கண்ணாடி மொட்டு. அந்த மொட்டு சாக்கெட் விளிம்பில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் வால்வு உள்ளே இறங்கும். 8 என்றால் பின்னால் வந்த ஒன்பது கால் நோவல்.

ஆக, டேட்டாஷீட் எதையும் திறக்காமலேயே ஐந்து பெயர்களை வைத்து இந்த ரேடியோவின் ஜாதகத்தைக் கணித்துவிடலாம். எல்லாமே 'யூ', அதனால் உள்ளே பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. எல்லாமே நாற்பது வரிசை, அதனால் ரிம்லாக் காலம், அதாவது 1940-களின் கடைசி முதல் 1950-களின் நடுப்பகுதி வரை. டிரையோடும் ஹெக்ஸோடும் ஒரே குழாயில் இருப்பதால் சூப்பர்ஹெட்டரோடைன். செட்டோடு வந்த தபாலாபீஸ் லைசென்ஸ் புத்தகத்தில் முதல் முத்திரை 1954. கணக்கு சரியாகத்தான் வந்தது.

ரேடியோ என் மனைவியின் அத்தையுடையது. நானும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். தஞ்சாவூரில் அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது, பல மாதச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய செட். 1970-களில் டிரான்சிஸ்டர் வந்ததும் பரணுக்குப் போய்விட்டது. கடந்த வருஷம் வீட்டைப் புதுப்பிக்கும்போது இறக்கினார்கள். பேரன் ஒரு கடையில் விசாரித்திருக்கிறான். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு ப்ளூடூத் போர்டும் எல்இடி பட்டையும் வைத்தால் ஒரே நாளில் வேலை முடியும், பார்க்க 'ஆன்டிக்' மாதிரி இருக்கும், ஃபோனிலிருந்து பாட்டுப் போடலாம் என்றார்களாம். இது இன்றைக்கு பரவலாக நடக்கிறது. தேக்கு உடம்பு, வினீர் பாலீஷ், டயல் கண்ணாடி எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே 300 ரூபாய் சீன போர்டு.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. மரக்கூட்டை இன்றைக்கும் ஒரு நல்ல ஆசாரி செய்து தந்துவிடுவார். திரும்பச் செய்ய முடியாதது உள்ளே இருக்கும் சேஸிஸ்தான். அதைத்தான் முதலில் காயலான் கடைக்குப் போடுகிறார்கள். அத்தையிடம் கேட்டேன். "மாப்ள, நீங்க அதை என்ன வேணா பண்ணுங்க. திருச்சி எடுத்தா போதும். எடுக்கலைன்னா அப்படியே மேல ஏத்திடுங்க, உள்ள கையை வச்சு கெடுக்க வேணாம்." பேரனுக்கு இரண்டு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் பாடவில்லை என்றால் ப்ளூடூத். அது மூன்று மாதமாக இழுத்தது வேறு விஷயம்.

முதலில் அந்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத விஷயம். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீளும்.

கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் செட் தெரியும் அல்லவா? சின்னச் சின்ன பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேராக 230 வோல்ட்டில் செருகுவார்கள். இந்த ரேடியோவில் ஐந்து வால்வுகளின் இழைகளும் அப்படித்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே 100 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. யூசிஎச்42-க்கு 14, யூஎஃப்41-க்கு 12.6, யூபிசி41-க்கு 14, யூஎல்41-க்கு 45, யூஒய்41-க்கு 31. கூட்டினால் 116.6 வோல்ட்.

116.6 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு பொறி தட்டியது. இது நம் ஊருக்காகப் போட்ட கணக்கு இல்லை. அந்தக் காலத்தில் ஐரோப்பாவின் பல நகரங்களில் வீட்டு மின்சாரம் 110 முதல் 127 வோல்ட் வரைதான். அங்கே இந்தக் கோவையைக் கிட்டத்தட்ட நேராகவே செருகிவிடலாம். அமெரிக்கர்களும் இதே தந்திரத்தைத்தான் செய்தார்கள். அவர்களுடைய ஐந்து வால்வு மலிவு செட்டில் மூன்று 12 வோல்ட், ஒரு 50, ஒரு 35, மொத்தம் 121. நமக்கோ 230. மிச்சம் 113 வோல்ட்டை எங்காவது தொலைக்க வேண்டும். அதற்கு ஒரு தடிமனான ஒயர் சுற்றிய ரெசிஸ்டன்ஸ் வைத்திருக்கிறார்கள். 113.4 வோல்ட்டை 0.1 ஆம்பியரால் வகுத்தால் 1134 ஓம். அதில் வீணாகும் சூடு 11 வாட்டுக்கு மேல். சேஸிஸின் ஒரு மூலையில் மரம் கருகின மாதிரி நிறம் மாறியிருந்ததற்கு இதுதான் காரணம். வெளியூர்க் கணக்குக்கும் நம் ஊர் மின்சாரத்துக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தை இந்தப் பெட்டி இத்தனை வருஷமும் சூடாக வெளியே விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? இந்த செட்களை 'ஏசி/டிசி' என்று விற்றார்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஏசியில் மட்டும்தான் வேலை செய்யும். பழைய மின்சாரக் கம்பெனிகள் டிசி கொடுத்துக்கொண்டிருந்த நகரங்களில் டிரான்ஸ்ஃபார்மர் செட்டைச் செருகினால் புகைதான் வரும். லண்டனின் சில பகுதிகளில், கல்கத்தாவின் மையப் பகுதியில் டிசி பல காலம் இருந்தது. அங்கே இருப்பவருக்கு 'யூ' வரிசை செட் வேண்டும். டிசியில் ஒரு வேடிக்கை உண்டு. பிளக்கைத் திருப்பிச் செருகினால் ரெக்டிஃபையர் வழி விடாது. வால்வு எல்லாம் எரியும், சத்தம் மட்டும் வராது. பிளக்கைப் பிடுங்கித் திருப்பிப் போட்டால் பாடும். ரிப்பேருக்கு வந்த எத்தனை செட்டை மெக்கானிக்குகள் இப்படியே 'சரி செய்து' கூலி வாங்கியிருப்பார்களோ!

ஆனால் தஞ்சாவூருக்கு டிசி எதற்கு? அது மேட்டூர் கரண்ட் வந்த ஊர். பைகாரா 1932-இல், மேட்டூர் 1937-இல், பாபநாசம் 1944-இல் என்று சென்னை ராஜதானியின் நீர்மின் நிலையங்கள் வரிசையாக வந்தன. அவற்றிலிருந்து வந்தது சுத்தமான ஏசி. அப்படியிருக்க வாத்தியார் ஏன் இதை வாங்கினார் என்றால், விலை. டிரான்ஸ்ஃபார்மர் என்பது இரும்பும் செம்பும், செட்டிலேயே கனமான, காசு பிடிக்கும் பாகம். அது இல்லாத செட் மலிவு. டிசி ஊர்களுக்காகப் பிறந்த வடிவம், டிசியே பார்க்காத ஊரில் ஏழை வாத்தியாரின் ரேடியோவாக வாழ்ந்திருக்கிறது.

மலிவுக்கு ஒரு விலை இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லையென்றால் மின்கம்பத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. மெயின்ஸின் ஒரு கம்பி நேராக சேஸிஸ் தகரத்துக்குப் போகிறது. இரண்டு முள் பிளக்கை எப்படியும் செருகலாம் என்பதால், சேஸிஸில் ஃபேஸ் இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால்தான் குமிழ்கள் பேக்லைட்டில் இருக்கின்றன. குமிழைத் தண்டோடு பிடிக்கும் சின்ன ஸ்குரூ ஓட்டையில்கூட மெழுகு ஊற்றி அடைத்திருக்கிறார்கள். எங்கள் செட்டில் ஒரு குமிழின் மெழுகு என்றைக்கோ உதிர்ந்து போயிருந்தது. அத்தைக்கு அது எந்தக் குமிழ் என்றுகூட நினைவிருக்கிறது. "அந்த சைடு குமிழைத் தொட்டா சுர்ருங்கும். அப்பா தொடக்கூடாதும்பார்." அதனால் இந்த மாதிரி செட்டை யாராவது பழுது பார்க்க நினைத்தால், ஸ்குரூ டிரைவர் வாங்குவதற்கு முன் ஒன்றுக்கு ஒன்று ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். இதில் மட்டும் நான் சமரசம் செய்ய மாட்டேன்.

இனி அந்த லைசென்ஸ் புத்தகம். அதுதான் என்னைக் கொஞ்ச நாள் சால்டரிங் இரும்பைக் கீழே வைக்க வைத்தது.

இன்றைக்குப் பிறந்தவர்களுக்கு ரேடியோ வைத்துக்கொள்ள அரசாங்கத்திடம் அனுமதி வாங்க வேண்டும் என்றால் சிரிப்பு வரும். 1933-இல் வந்த இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருப்பதே குற்றம். தபாலாபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். இதைச் சோதிக்க இன்ஸ்பெக்டர்களும் இருந்தார்கள். 1980-களின் நடுவில்தான் இந்தக் கட்டணம் ஒழிந்தது. அத்தையின் அப்பா விடாமல் கட்டியிருக்கிறார். செட் பரணுக்குப் போன பிறகும் இரண்டு வருஷம் கட்டியிருக்கிறார். அதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தேன்.

இந்தக் கட்டணத்தின் கதை ஒலிபரப்பின் கதையோடு சேர்ந்தே வருகிறது. 1924-இல் சென்னையில் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சேர்ந்து சென்னை ராஜதானி ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார்கள். அவர்களுடைய முதல் டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட், ஒரு சின்ன குண்டு பல்பு அளவு. காசில்லாமல் 1927-இல் கடை மூடினார்கள். அதே வருஷம் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி தொடங்கியது. லைசென்ஸ் கட்டணம் 10 ரூபாய், அதில் வரும் பங்குதான் அவர்களுக்கு முக்கிய வருமானம். மூன்று வருஷத்தில் நாடு முழுக்க லைசென்ஸ் எண்ணிக்கை எட்டாயிரத்தைக்கூட எட்டவில்லை. 1930-இல் கம்பெனி திவால். அதே 1930-இல் சென்னை மாநகராட்சி, கிளப்பின் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொண்டு தானே ஒலிபரப்ப ஆரம்பித்தது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஊருக்கே கேட்க வைத்தார்கள். வாங்க முடியாதவர்களுக்குப் பொதுவில் கேட்க வைப்பது என்ற இந்த யோசனைதான் பிற்காலத்துப் பஞ்சாயத்து ரேடியோவுக்கு மூத்த அண்ணன் என்று எனக்குத் தோன்றுகிறது.

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16, திருச்சி நிலையம் 1939 மே 16. சுதந்திரத்தின்போது இந்தியாவுக்கு மிஞ்சியது ஆறே நிலையங்கள்: டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. ஆறில் இரண்டு தமிழ்நாட்டில்! தஞ்சாவூர்க்காரருக்கு திருச்சி கூப்பிடு தூரம். சின்ன ஏரியலிலேயே பகலில் பிசிறில்லாமல் வந்திருக்கும்.

அப்படியென்றால் மூன்று பேண்ட் செட் எதற்கு? மீடியம் வேவ் மட்டும் போதுமே? காரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றினார். படைவீரர்களுக்காக ரேடியோ சீயாக் என்ற நிலையம் வந்தது. அதற்காக 100 கிலோவாட் மார்க்கோனி சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்றையும் நிறுவினார்கள். போர் முடிந்தது. அத்தனை பெரிய யந்திரத்தைக் கப்பலில் ஏற்றவா முடியும்? 1949-இல் இலங்கை அரசிடம் கொடுத்துவிட்டார்கள். படைவீரர்களுக்காகக் கட்டிய பீரங்கி ரேடியோ சிலோன் கையில் வந்தது. 1950-இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. சரியாக இந்த நேரத்தில், 1952-இல், இந்தியாவின் செய்தி ஒலிபரப்புத் துறைக்கு பி.வி.கேஸ்கர் அமைச்சரானார். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு தேய்ந்து மறைந்தது. கேட்கிறவர்கள் குமிழைத் திருப்பினார்கள். ஹிந்தியில் அமீன் சயானி, தமிழில் மயில்வாகனன். ஐந்து வருஷம் கழித்து, 1957-இல், விவித் பாரதி தொடங்கிச் சரணடைய வேண்டியதாயிற்று.

கேஸ்கர் கர்நாடக, ஹிந்துஸ்தானி சங்கீதத்துக்குச் செய்தது பெரிது, அதை மறுக்க முடியாது. ஆனால் தன் கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரை மூடினால் கேட்பவனின் காதும் மூடிவிடும் என்று எப்படி நினைத்தார் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. சிற்றலைக்கு பாஸ்போர்ட் தேவையில்லை. 1954-இல் ஒரு வாத்தியார் கூடுதல் காசு கொடுத்து சிற்றலை உள்ள செட்டைத் தேர்ந்தெடுத்ததற்குப் பின்னால் டெல்லியில் எடுத்த முடிவுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். டயல் கண்ணாடியில் 'கொழும்பு' இருக்கும் இடத்தில் மட்டும் ஓரத்து மரத்தில் ஒரு பென்சில் கோடு. அது யார் போட்டது என்று கேட்டேன். அத்தை சிரித்தார், பதில் சொல்லவில்லை. வாத்தியார் வீட்டில் இல்லாத நேரத்துக் கோடு என்று யூகித்துக்கொண்டேன்.

சரி, சேஸிஸுக்கு வருவோம்.

ஐம்பது வருஷம் தூங்கிய செட்டை நேராகப் பிளக்கில் செருகிப் பார்ப்பதுதான் அதைக் கொல்ல சுலபமான வழி. முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். வால்வின் உச்சியில் உள்பக்கம் வெள்ளி பூசின மாதிரி ஒரு பளபளப்பு இருக்கும். பேரியம். மிச்சம் மீதி காற்றை உறிஞ்சுவதற்காகத் தயாரிக்கும்போதே வைப்பது. அது வெள்ளியாக இருந்தால் வெற்றிடம் அப்படியே இருக்கிறது. பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, வால்வு காலி. எங்கள் ஐந்தும் வெள்ளி. மல்டிமீட்டரில் இழைகளும் அறுபடவில்லை. பாதி உயிர் வந்தது.

வால்வை எல்லோரும் பயப்படுகிற அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. உண்மையான வில்லன் கண்டன்சர். அதிலும் காகிதக் கண்டன்சர். மெழுகு தோய்த்த காகிதத்தையும் அலுமினியத் தாளையும் சுருட்டி, குழாயில் போட்டு அடைத்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் எழுபது வருஷம். காகிதம் மெல்ல மெல்ல கரண்டைக் கசியவிட ஆரம்பிக்கும். கண்டன்சர் என்பது டிசியைத் தடுத்து ஒலியை மட்டும் விட வேண்டிய வாசல்காரன். அவன் லஞ்சம் வாங்க ஆரம்பித்தால் என்ன ஆகும்?

ரொம்ப ஆபத்தான இடம் ஒன்றே ஒன்று: யூபிசி41-இன் ஆனோடிலிருந்து யூஎல்41-இன் கிரிட்டுக்கு ஒலியைக் கொண்டுபோகும் கண்டன்சர். அதன் கிரிட் பக்கக் காலை மட்டும் விடுவித்தேன். ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அதோடு தொடரில் ஒரு 100 வாட் குண்டு பல்பு. உள்ளே எங்காவது ஷார்ட் என்றால் பல்பு பளிச்சென்று எரிந்து செட்டைக் காப்பாற்றும். பல்பு மங்கலாகச் சிவந்து நின்றது. வால்வுகளில் ஆரஞ்சு நிறம் ஏறியது. ஆனோடு பக்கம் 75 வோல்ட். விடுவித்த காலில் எதுவும் இருக்கக்கூடாது. மீட்டரை வைத்தால் 50 வோல்ட்!

என் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 50 வோல்ட் என்றால் அதன் வழியே 5 மைக்ரோ ஆம்பியர் ஓடுகிறது. அதே கரண்ட் கண்டன்சர் வழியாகத்தான் வர வேண்டும், அங்கே விழுவது 25 வோல்ட். ஆக, கண்டன்சரின் கசிவுத்தடை 5 மெகா ஓம். கேட்க ஏதோ பெரிய எண் மாதிரி இருக்கும். ஆனால் கிரிட்டில் இருக்கும் ரெசிஸ்டன்ஸ் 680 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்து 75 வோல்ட்டைப் பங்கு போட்டால் கிரிட்டில் வந்து உட்காருவது 9 வோல்ட். யூஎல்41 அமைதியாக இருப்பதற்கு கிரிட்டில் சுமார் மைனஸ் 9 வோல்ட் இருக்க வேண்டும். இந்த ப்ளஸ் 9 வந்து அதை அப்படியே கழித்துவிடும். கடிவாளம் போன குதிரை மாதிரி வால்வு கரண்டை இழுக்கும், ஆனோடு சிவக்கும், அதோடு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முடி மாதிரி மெல்லிய சுருள் அறுந்துபோகும். பத்து ரூபாய் கண்டன்சர், கிடைக்காத வால்வையும் சுற்றித் தர ஆளில்லாத டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும்.

இப்படிக் காகிதக் கண்டன்சர்கள் அத்தனையையும், ஃபில்டர் எலக்ட்ரோலிடிக்கையும் மாற்றினேன். மைக்கா கண்டன்சர்களைத் தொடவில்லை. அவை நன்றாகவே இருந்தன. ஹோமியோபதி மாதிரி 'எல்லாவற்றையும் மாற்றிவிடு' என்கிற கட்சி ஒன்று உண்டு, 'எதையும் மாற்றாதே, மூலமாக வை' என்கிற கட்சி ஒன்று உண்டு. என் கட்சி சுலபமானது. செட் ஓட வேண்டும், அதற்கு எது செத்திருக்கிறதோ அது மாற வேண்டும், மற்றது இருக்க வேண்டும். மெயின்ஸுக்குக் குறுக்கே இருக்கும் கண்டன்சருக்கு மட்டும் அதற்கென்றே செய்த பாதுகாப்பு வகையைப் போட்டேன், பழைய மதிப்பிலேயே. கூடவே முன்பு இல்லாத ஒரு ஃப்யூஸ்.

சத்தம் வந்தது. முதலில் மெல்லிய உறுமல், பிறகு கொரகொரப்பு, பிறகு ஒன்றும் இல்லை. பேண்ட் ஸ்விட்சில் பச்சையாகக் களிம்பு. அதை ஸ்ப்ரே போட்டுத் துடைத்து முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பியதில் மீடியம் வேவ் உயிர்த்தது. டயல் நூல் அறுந்திருந்தது. அதை மாற்றுவதைப் பற்றி எழுதினால் என் ரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ். செட் அதை எப்படிப் பிடிக்கிறது? யூசிஎச்42-இன் டிரையோடு பாதி, தானே 1391 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்குகிறது. ஹெக்ஸோடு பாதி இரண்டையும் கலக்கிறது. வித்தியாசம் 455. எந்த நிலையத்தைத் திருப்பினாலும் உள்ளே உண்டாகும் அலையும் கூடவே நகர்வதால், வித்தியாசம் எப்போதும் அதே 455. மிச்சப் பகுதிகள் எல்லாம் அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் பழகினால் போதும். 1918-இல், முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், பாரிஸில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த எட்வின் ஆம்ஸ்ட்ராங் உருவாக்கியது. பிரான்சின் லூசியன் லெவி தனக்கும் உரிமை உண்டு என்று வழக்காடினார். நூறு வருஷமாக ரேடியோக்காரர்கள் இதே யோசனையில்தான் பிழைப்பு நடத்துகிறார்கள்.

இங்கே ஒரு சின்னப் புதிர். திருச்சி, டயலில் அதன் பெயர் எழுதிய இடத்தில் வரவில்லை, கொஞ்சம் தள்ளி வந்தது. செட்டின் ட்யூனிங் விலகிவிட்டது என்று பலர் உடனே ஸ்குரூவைத் திருக ஆரம்பிப்பார்கள். சிக்னல் ஜெனரேட்டரில் சரிபார்த்தால் டயலின் எண்கள் சரி. நகர்ந்தது நிலையம்தான். 1975-இல் ஜெனீவாவில் கூடி ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்காவின் மீடியம் வேவ் முழுவதையும் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மறுபடி பங்கு போட்டார்கள். 1978 நவம்பர் 23 முதல் அது அமலுக்கு வந்தது. அதனால்தான் சென்னை 720, திருச்சி 936, கோவை 999, மதுரை 1269 எல்லாம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். வகுத்துப் பாருங்கள், ஜாலியாக இருக்கும். எங்கள் செட் 1978-க்கு முன்பே தூங்கப் போய்விட்டது. பழைய விலாசத்தை வைத்துக்கொண்டு வந்து நிற்கும் உறவுக்காரர் மாதிரி முள் பழைய இடத்தைக் காட்டுகிறது. ட்ரிம்மரைத் தொடாமல் அப்படியே விட்டேன்.

மார்கழியில் ஒரு காலை, தஞ்சாவூரில் அதே கூடத்தில் செட்டை வைத்தோம். சூடேற அரை நிமிஷம். திருச்சி கணீரென்று வந்தது. அத்தை சத்தத்தைக் கேட்டதைவிட பின்பக்கம் வந்து வால்வுகள் எரிவதைத்தான் அதிக நேரம் பார்த்தார். பேரனுக்கு அந்தச் சூடேறும் நேரம் பிடித்துவிட்டது. "பூட் ஆகுது பாட்டி" என்றான்.

இரவில் சிற்றலை. 31 மீட்டர், 25 மீட்டர் என்று நகர்த்தினேன். சீன ஒலிபரப்புகள் பலமாக, அரபி ஒன்று, மதப் பிரசங்கங்கள். பென்சில் கோடு போட்ட இடத்தில் வெறும் இரைச்சல். 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டுப் போய்விட்டது. இரைச்சலிலும் பாதி வானத்திலிருந்து வருவதில்லை. எல்இடி விளக்கும் ஃபோன் சார்ஜரும் செய்வது. வீட்டில் அத்தனையையும் அணைத்ததும் கணிசமாகக் குறைந்தது. கரண்ட் போனால் தெருவே அமைதியாகும், ஆனால் ரேடியோவும் அதோடு போய்விடும்.

ரிம்லாக் வால்வுகளை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. 1960-களின் ஆரம்பத்தில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியபோது காலம் ஒன்பது கால் நோவலுக்கு வந்துவிட்டது. அதனால் பிந்திய செட்களுக்குப் பழைய ஸ்டாக் கொஞ்சம் கிடைக்கும், இதற்குக் கஷ்டம். யூஎல்41 ஒன்று மட்டும் உபரியாக வாங்கிவைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று ஓட்டினால் பல வருஷம் தாங்கும்.

கழற்றிய காகிதக் கண்டன்சர்களைத் தூக்கிப் போடவில்லை. எது எங்கே இருந்தது, எவ்வளவு கசிந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு, எல்லாவற்றையும் ஒரு சின்னத் துணிப்பையில் கட்டி, சூடு படாத மூலையில் பெட்டிக்குள்ளேயே ஆணியில் மாட்டியிருக்கிறேன். லைசென்ஸ் புத்தகத்தின் நகலும் அதில் இருக்கிறது. உதிர்ந்துபோன குமிழுக்குப் புதிதாக மெழுகு ஊற்றியாயிற்று. பின்பக்க அட்டையில் பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பது: 'சேஸிஸில் 230 வோல்ட் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்காமல் திறக்காதே. பிடுங்கிய பிறகும் ஐந்து நிமிஷம் பொறு.'